ஆய்வேடும் பிறந்த நாடும்

1924-ஆம் ஆண்டு பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் தலிப் சிங் சவுந்த் என்ற பஞ்சாப் இளைஞர் கணிதத்தில் பிஎச்.டி. பெற்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் வந்து இறங்கியபோது அவருடைய திட்டமே வேறு. பழங்களைப் பதப்படுத்தும் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பி ஓர் ஆலை தொடங்க வேண்டும் என்றுதான் வந்தார். கணிதம் அவரை இழுத்துக்கொண்டது. ஆனால் பட்டம் வாங்கிய பிறகு அவர் போய்ச் சேர்ந்தது எந்தக் கல்லூரிக்கும் அல்ல. தெற்கு கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் லெட்டூஸ் பயிரிடும் விவசாயியாக அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

காரணம் அவருடைய கணிதத்தில் இல்லை. அவர் பட்டம் பெறுவதற்கு ஓராண்டு முன்பு, 1923 பிப்ரவரியில், பகத் சிங் திந்த் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தது. இந்தியர்கள் சட்டத்தின் பார்வையில் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்பது அதன் சாரம். திந்த், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவச் சீருடை அணிந்தவர். அதுவும் அவருக்கு உதவவில்லை. குடியுரிமைக்குத் தகுதி இல்லாதவர் கலிஃபோர்னியாவில் நிலம் வாங்கவும் முடியாது, குத்தகைக்கு எடுக்கவும் முடியாது. இந்திய விவசாயிகள் பலர் நம்பிக்கையான வெள்ளைக்காரர் ஒருவரின் பெயரில் பத்திரம் எழுதிவிட்டு உழுதார்கள்.

வெளிநாட்டில் ஆய்வுப் பட்டம் முடித்துவிட்டு அங்கேயே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிப்பது இன்று தமிழ்க் குடும்பங்களில் பேச்சோடு பேச்சாக வரும் சங்கதி. 'ஐ-140 ஃபைல் பண்ணியாச்சா, டேட் கரண்ட் ஆச்சா' என்று, நிரந்தரமாகத் தங்கும் மனுவைப் பற்றி மாமாக்கள் கல்யாண வீட்டுப் பந்தியில் விசாரிக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் நூறாண்டு வரலாறு இருக்கிறது. அந்த நூறாண்டிலும் அமெரிக்கச் சட்டம் இரண்டு விஷயங்களை ஒன்றாகவே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது: இந்த மாணவரின் மூளை வேண்டும், ஆனால் அவர் எந்த நாட்டில் பிறந்தார் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் தங்க விடுவோம்.

1917-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஆசியாவின் பெரும்பகுதியைச் சுற்றி வரைபடத்தில் ஒரு வேலி போட்டது. பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் அந்த வேலிக்குள் அடங்கியது. அங்கிருந்து குடியேற யாரும் வரக்கூடாது. ஆனால் சில பிரிவினருக்கு விலக்கு இருந்தது, அவர்களில் மாணவர்களும் உண்டு. 1924-இல் வந்த குடியேற்றச் சட்டம் நாடுவாரியாக ஒதுக்கீடு வகுத்து, குடியுரிமைக்குத் தகுதியற்ற இனத்தார் எவரும் குடியேற முடியாது என்று கதவை இன்னும் இறுக்கியது. அப்போதும் பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஓர் இடுக்கு விட்டது. படிக்க மட்டுமே வருகிறேன் என்று காட்டினால் ஒதுக்கீட்டில் சேராமலே உள்ளே வரலாம். தங்குவதற்குத்தான் வழி கிடையாது.

மாணவர்களுக்கான அந்த விலக்கு வழியாக வந்தவர்களில் தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஒருவரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எல்லப்பிரகட சுப்பாராவ் பீமவரத்தில் பிறந்த தெலுங்கர். மருத்துவம் படித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்து அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார், முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். மருத்துவமனையில் இரவுப் பணியாளாக வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார். உடலில் பாஸ்பரஸ் அளவைக் கண்டறிய சைரஸ் ஃபிஸ்கேவும் அவரும் 1925-இல் வெளியிட்ட முறை உலகெங்கும் உயிர்வேதியியல் ஆய்வகங்களில் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடமானது. 1930-இல் பிஎச்.டி. பெற்றார். ஹார்வர்டில் நிலையான பதவி கிடைக்காமல், பின்னர் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போய் ஆராய்ச்சி இயக்குநர் ஆனார். ஃபோலிக் அமிலம், யானைக்கால் நோய்க்கான மருந்து, ஆரியோமைசின் என்னும் ஆன்டிபயாடிக், புற்றுநோய்க்கு இன்றும் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் எல்லாம் அவர் வழிநடத்திய குழுக்களிலிருந்து வந்தவை. 1948 ஆகஸ்டில் 53 வயதில் இறந்தார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு உழைத்த நாட்டின் குடிமகனாக அவர் கடைசிவரை ஆகவில்லை.

1940-இல் அமெரிக்கா அந்நியர் பதிவுச் சட்டம் கொண்டுவந்தது. 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு வெளிநாட்டவரும் தபால் நிலையத்துக்குப் போய்க் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும். போருக்குப் பிறகு, சட்டப்படி நிரந்தரமாகத் தங்குபவர்களுக்குத் தனி அட்டை வழங்கினார்கள். அதன் நிறம் பச்சை. 1964-இல் நிறத்தை மாற்றினார்கள், பிறகும் பலமுறை மாற்றினார்கள். மக்கள் வாயில் அது கிரீன் கார்டாகவே நின்றுவிட்டது.

இந்தியர்களுக்கு முதல் திறப்பு 1946 ஜூலை 2-ஆம் தேதி கிடைத்தது. கிளேர் பூத் லூஸ், இமானுவேல் செல்லர் என்ற இரண்டு உறுப்பினர்கள் கொண்டுவந்த மசோதாவில் அன்று அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டார். இந்தியர்கள் இனிக் குடியுரிமை பெறலாம். ஆண்டுக்கு 100 பேர் குடியேறலாம். முப்பது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த ஒரு நாட்டுக்கு நூறு பேர். ஆனாலும் அந்த நூறுக்காக அமெரிக்காவில் இருந்த இந்தியர்கள் ஆண்டுக்கணக்கில் வாஷிங்டன் படிகளில் ஏறி இறங்கினார்கள். சவுந்தும் அவர்களில் ஒருவர். 1949 டிசம்பரில் அவர் குடிமகன் ஆனார். மறு ஆண்டே உள்ளூர் நீதிபதித் தேர்தலில் வென்றார். குடிமகனாகி ஓராண்டு நிறையவில்லை என்று அந்தப் பதவியை மறுத்தார்கள். 1952-இல் மீண்டும் நின்று வென்றார். 1956-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆசியர் ஆனார். பட்டம் பெற்று 32 ஆண்டுகள் கழித்து.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர் கேம்பிரிட்ஜில் பட்டம் முடித்து 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்துக்கு வந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் பீரங்கி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். அப்போது அவர் பிறப்பால் குடியுரிமைக்குத் தகுதியற்றவர். 1953-இல்தான் அமெரிக்கக் குடிமகன் ஆனார்.

இன்றைய மாணவர் சந்திக்கும் சட்டத்தின் அடித்தளம் 1952-இல் போடப்பட்டது. அந்த ஆண்டின் குடியேற்றச் சட்டம் மாணவர் விசாவுக்கு எஃப் என்ற எழுத்தைக் கொடுத்தது. கூடவே, சொந்த நாட்டில் தனக்கொரு வீடு உண்டு, அதைக் கைவிடும் எண்ணம் இல்லை என்பதை மாணவர் மெய்ப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் வைத்தது. விசா கேட்டு வரும் எவரையும் குடியேற வந்தவராகவே கருத வேண்டும், இல்லை என்று காட்டுவது விண்ணப்பதாரரின் பொறுப்பு என்றும் சொன்னது. சென்னை ஜெமினி அருகே தூதரகத்தின் முன்னால் விடியற்காலையில் கோப்போடு நின்ற தலைமுறைகள் மனப்பாடம் செய்த பதில் இதிலிருந்து பிறந்தது: படித்து முடித்ததும் திரும்பி வந்துவிடுவேன். அதே சட்டம் இன்னொரு வழியையும் திறந்தது. நாட்டுக்கு வெளியே போகாமல், இருந்த இடத்திலிருந்தே தற்காலிக நிலையை நிரந்தர நிலையாக மாற்றிக்கொள்ளலாம். அதற்கு முன்பு பலர் கனடா எல்லையைத் தாண்டிப் போய், அங்கே விசா வாங்கித் திரும்ப நுழைய வேண்டியிருந்தது. உயர்கல்வித் திறன் உள்ளவர்களுக்கு ஒவ்வொரு நாட்டு ஒதுக்கீட்டிலும் பாதி இடம் என்றும் 1952 சட்டம் சொன்னது. இந்தியாவின் ஒதுக்கீடோ நூறு. அதில் பாதி ஐம்பது.

இதே காலத்தில் ஒரு சீன மாணவருக்கு நேர்ந்ததை இந்த வரலாற்றிலிருந்து விட்டுவிட முடியாது. சியென் சூசென் 1935-இல் உதவித்தொகையில் வந்து, 1939-இல் கால்டெக்கில் பிஎச்.டி. முடித்து, அமெரிக்க ராக்கெட் ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரானவர். 1949-இல் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். மறு ஆண்டு, அவர் கம்யூனிஸ்ட் என்று சந்தேகித்து ரகசிய ஆய்வுகளில் ஈடுபடும் அனுமதியைப் பறித்தார்கள். மனம் வெறுத்து ஊர் திரும்பப் புறப்பட்டவரைக் காவலில் வைத்தார்கள். பிறகு ஐந்து ஆண்டுகள் வெளியேறவும் விடவில்லை, நிம்மதியாக வேலை செய்யவும் விடவில்லை. 1955-இல் சீனா போய்ச் சேர்ந்தவர் அந்நாட்டின் ஏவுகணைத் திட்டத்தையே கட்டி எழுப்பினார். ஓர் ஆய்வாளரைத் தங்க விடாததால் ஒரு நாடு எவ்வளவு இழக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று கிடையாது.

1965 அக்டோபர் 3-ஆம் தேதி, சுதந்திர தேவி சிலையின் காலடியில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் இன அடிப்படையிலான ஒதுக்கீட்டை ஒழித்தது. கிழக்கு அரைக்கோளத்தின் எந்த நாட்டுக்கும் ஆண்டுக்கு 20,000 வரை. தொழில்முறைக் கல்வி பெற்றவர்களுக்கும் அறிவியல், கலைத் துறைகளில் தனித் திறன் உள்ளவர்களுக்கும் தனி முன்னுரிமை. 1968-இல் அது முழுதாக நடைமுறைக்கு வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் முதல் அணி படிப்பை முடித்து வெளியே வந்தது 1964-இல். இரண்டும் அடுத்தடுத்து நடந்ததால் ஒரு பாதை உருவாயிற்று. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ராஜ் ரெட்டி 1966-இல் ஸ்டான்ஃபோர்டில் பிஎச்.டி. முடித்த கையோடு அங்கேயே உதவிப் பேராசிரியர் ஆனார். பின்னர் கார்னகி மெல்லன் போய், 1994-இல் கணினித் துறையின் டூரிங் விருதைப் பெற்றார். சவுந்துக்கும் அவருக்கும் இடையே நாற்பது ஆண்டுகள்தான்.

பிறகு 1990 வந்தது. இன்றைய நெருக்கடியின் வேர் அங்கே இருக்கிறது. அந்த ஆண்டு நவம்பரில் மூத்த புஷ் கையெழுத்திட்ட சட்டம், வேலைவாய்ப்பு அடிப்படையில் ஆண்டுக்கு 1,40,000 கிரீன் கார்டுகள் என்று நிர்ணயித்தது. தனிச் சிறப்பு மிக்கவர்கள், பேராசிரியர்கள், ஆய்வாளர்களுக்கு முதல் வகுப்பு. உயர் பட்டம் பெற்றவர்களுக்கு இரண்டாம் வகுப்பு. எச்-1பி என்னும் தற்காலிக வேலை விசாவும் இன்றைய உருவத்தைப் பெற்றது அப்போதுதான். மேலோட்டமாகப் பார்த்தால் ஆய்வு மாணவர்களுக்கென்றே எழுதிய சட்டம் போலத் தெரியும். ஆனால் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பு அதில் இருந்தது. 1,40,000-இல் 7 சதவீதம் 9,800. இந்தியாவுக்கும் அதே எண், ஐஸ்லாந்துக்கும் அதே எண். விண்ணப்பதாரரின் மனைவியும் குழந்தைகளும் அதே கணக்கில்தான் சேர்வார்கள்.

விதியைத் தளர்த்த அரசு நினைத்தால் தளர்த்தும் என்பதைச் சீன மாணவர்கள் கண்டார்கள். 1989 தியானன்மென் சதுக்கப் படுகொலைக்குப் பிறகு, அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த சீன மாணவர்கள் ஊர் ஊராகக் குழு அமைத்து நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்தித்தார்கள். 1992-இல் வந்த சீன மாணவர் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கிரீன் கார்டு பெற்றார்கள். ஆனால் அந்த எண்ணிக்கையைச் சும்மா விடவில்லை. பின்னால் வரப்போகும் சீனர்களின் ஒதுக்கீட்டிலிருந்து ஆண்டுக்கு ஆயிரம் வரை கழித்துக்கொண்டார்கள்.

கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் இந்தியர்களின் வரிசை நீண்டதற்கு 1990-களின் மென்பொருள் அலை பெரிய காரணம். ஆய்வாளரும் மென்பொருள் பொறியாளரும் ஒரே இரண்டாம் வகுப்பு வரிசையில் நின்றார்கள். 2000-இல் பல்கலைக்கழகங்களை எச்-1பி எண்ணிக்கை வரம்பிலிருந்து விடுவித்தார்கள். வரிசையில் நிற்பவர்கள் ஆறாண்டுக்குப் பிறகும் அந்த விசாவை நீட்டித்துக்கொள்ள வழி செய்தார்கள். பிஎச்.டி. முடித்தவர் வெளியேறாமல் வேலை பார்க்க அது உதவியது. வரிசையைக் குறைக்க உதவவில்லை.

2007 ஜூலையில் அந்த வரிசையில் நின்றவர்கள் ஒரு மாதம் பட்ட பாடு பெரிது. ஜூலை மாத விசா அறிக்கை, வேலைவாய்ப்பு வகுப்புகளில் ஏறக்குறைய எல்லோரும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் மருத்துவப் பரிசோதனைக்கு ஓடினார்கள்; ஊரிலிருந்து பிறப்புச் சான்றிதழ்களைக் கூரியரில் வரவழைத்தார்கள். தமிழ்நாட்டுச் சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயர் இருக்காது, 'ஆண் குழந்தை' என்றோ 'பெண் குழந்தை' என்றோ மட்டும் இருக்கும். பிறப்பை நேரில் அறிந்த மூத்தவர்களிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள், காலியாகக் கிடக்கும் பெயர்க் கட்டத்தை விளக்கியாக வேண்டும். இத்தனையும் தயாரான நிலையில், ஜூலை 2-ஆம் தேதி, இந்த ஆண்டுக்கு எண்கள் தீர்ந்துவிட்டன என்று அறிவிப்பை மாற்றினார்கள். கொதித்துப்போனவர்கள் கோபத்தைப் பூக்களாக அனுப்பினார்கள். 'லகே ரகோ முன்னாபாய்' படத்தில் வந்த காந்தி வழியைப் பின்பற்றி, ஜூலை 10-ஆம் தேதி குடியேற்றத் துறையின் தலைவர் எமிலியோ கொன்சாலஸின் அலுவலகத்துக்கு நூற்றுக்கணக்கான பூங்கொத்துகள் போய்ச் சேர்ந்தன. அவற்றைக் காயமுற்ற ராணுவ வீரர்கள் இருந்த மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார் அவர். சான் ஹோசேயில் ஊர்வலம் நடந்தது. ஜூலை 17-ஆம் தேதி துறை பின்வாங்கி, ஆகஸ்ட் 17 வரை விண்ணப்பங்களை ஏற்றது. குடியுரிமை இல்லாதவர்கள், ஓட்டு இல்லாதவர்கள் நடத்தி வென்ற போராட்டம் அது.

ஆய்வாளர்களுக்கென்று இன்னொரு வாசல் 1990 சட்டத்திலேயே இருந்தது. பொதுவாகக் கிரீன் கார்டு கேட்க ஒரு முதலாளி வேண்டும். அவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்து, தகுதியான அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையிடம் காட்ட வேண்டும். தேசிய நலன் கருதி அந்த நிபந்தனையிலிருந்து விலக்குத் தரலாம் என்றது சட்டம். விலக்குக் கேட்பவர் தானே மனுப் போடலாம். எந்த ஆய்வு தேசிய நலன், எது இல்லை? 1998-இல் நியூயார்க் மாநிலப் போக்குவரத்துத் துறை தன் பாலப் பொறியாளர் ஒருவருக்காகப் போட்ட மனுவில் வந்த முடிவு அளவுகோலை மிகவும் இறுக்கியது. 18 ஆண்டுகள் அதுவே ஆட்சி செய்தது. 2016 டிசம்பர் 27-இல் தனசார் வழக்கின் மேல்முறையீட்டில் அது மாறியது. மனுதாரர் வட கரோலினாவில் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்று, ஒலியைவிடப் பல மடங்கு விரைவாகப் பறக்கும் விமானங்களின் உந்துவிசையை ஆராய்ந்தவர். எடுத்துக்கொண்ட பணிக்கு மதிப்பும் தேச அளவிலான முக்கியத்துவமும் உண்டா, அதை முன்னெடுக்க இவருக்குத் தகுதி உண்டா, விளம்பர நிபந்தனையைத் தளர்த்துவதால் நாட்டுக்கு நன்மையா என்ற மூன்று கேள்விகள் அந்த முடிவில் பிறந்தன. 2022 ஜனவரியில் அறிவியல், தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்குச் சாதகமான விளக்கக் குறிப்புகளும் சேர்ந்தன.

இந்த மனுவைத் தயாரிப்பது ஆய்வேடு எழுதுவதற்குச் சற்றும் குறையாத வேலை. தன் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று கூகுள் ஸ்காலரில் எண்ண வேண்டும். இதழ்களுக்குக் கட்டுரை மதிப்பிட்டுத் தந்ததற்கு வந்த நன்றி மின்னஞ்சல்களைத் தேடி எடுக்க வேண்டும். வழிகாட்டிப் பேராசிரியரின் கடிதம் மட்டும் போதாது. ஒருமுறைகூடச் சேர்ந்து வேலை செய்யாத, வேறு ஊர்ப் பேராசிரியர்கள் சிலர் கடிதம் தர வேண்டும். மாநாட்டு நடைபாதையில் காபிக் கோப்பையோடு பேச்சுக் கொடுத்து, மனுவுக்குக் கடிதம் கேட்கத் துணிந்த கூச்ச சுபாவக்காரர்கள் எத்தனையோ பேர். நூறு பக்கங்களைத் தாண்டும் கட்டில், தன்னைத் தானே உயர்த்திச் சொல்லும் மொழியையும் கற்றாக வேண்டும்.

அந்த மனு வென்றாலும் இந்தியாவில் பிறந்தவருக்குக் கிடைப்பது வரிசையில் ஓர் எண் மட்டுமே. 2024 அக்டோபர் அறிக்கையின்படி, இரண்டாம் வகுப்பில் 2012 ஜூலை 15-க்கு முன் இடம் பிடித்த இந்தியர்களுக்குத்தான் முறை வந்திருந்தது. முதல் வகுப்பில்கூட 2022 பிப்ரவரி. இங்கே கணக்கில் வருவது பாஸ்போர்ட் அல்ல, பிறந்த மண். சென்னையில் பிறந்து கனடாக் குடியுரிமை பெற்றவரும் இந்திய வரிசைதான். திருச்சிப் பெற்றோருக்குச் சிங்கப்பூரில் பிறந்தவருக்கு அந்த வரிசை கிடையாது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தலைமன்னாரில் பிறந்த தமிழரும் ராமேஸ்வரத்தில் பிறந்த தமிழரும் ஒரே ஆய்வகத்தில், ஒரே பேராசிரியரிடம், ஒரே ஆண்டில் பட்டம் வாங்கி, ஒரே நாளில் மனுப் போட்டால், இலங்கையில் பிறந்தவர் சில ஆண்டுகளில் கிரீன் கார்டைக் கையில் வாங்கிவிடலாம். ராமேஸ்வரத்துக்காரரின் குழந்தைக்கு அதற்குள் 21 வயது கடந்து, பெற்றோரின் மனுவிலிருந்தே விலக நேரலாம்.

இது அநியாயம் என்பது வாஷிங்டனுக்குத் தெரியாதது அல்ல. 2012-இல் அறிவியல் பட்டதாரிகளுக்கு 55,000 கிரீன் கார்டு தரும் மசோதா கீழவையில் நிறைவேறியது, மேலவை எடுக்கவில்லை. 2013-இல் முனைவர் பட்டதாரிகளை எண்ணிக்கை வரம்பிலிருந்தே விடுவிக்கும் பெரிய மசோதா மேலவையில் 68-க்கு 32 என்று வென்றது, கீழவை எடுக்கவில்லை. நாட்டு வரம்பை நீக்கும் மசோதா 2019-இல் கீழவையிலும், வேறொரு வடிவில் 2020-இல் மேலவையிலும் நிறைவேறி, இரண்டும் ஒன்றாகாமல் காலாவதியானது. 2022-இல் சிப் உற்பத்திச் சட்டத்தோடு சேர்த்து வந்த முனைவர் விலக்கைக் கடைசிக் கட்டத்தில் கழற்றிவிட்டார்கள். 1990-இல் எழுதிய 7 சதவீதம் அப்படியே நிற்கிறது.

சவுந்த் காலத்துத் தடையை இன்றைய வரிசையோடு சமமாக வைக்க முடியாது. இன்றைய மாணவர் வேலை பார்க்கலாம், வீடு வாங்கலாம், ஒரு நாள் குடிமகனும் ஆகலாம். ஆனால் ஓர் ஆய்வாளரின் தகுதியை அவருடைய ஆய்வேட்டை வைத்து எடைபோட்ட பிறகு, பிறந்த இடத்தை வைத்துப் பத்தாண்டுக்கு மேல் காக்கவைப்பது தவறு.

அந்தத் தவறு திருந்தும்வரை, பிள்ளைகளை ஆய்வுக்கு அனுப்பும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளும் பெற்றோரும் இந்த வரலாற்றை விமானம் ஏறும் முன்பே அவர்களுக்குச் சொல்ல வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பெயரைப் பதிந்து வாங்குங்கள். பாஸ்போர்ட்டில் முதற்பெயரும் குடும்பப் பெயரும் தனித்தனியே இருக்கட்டும். முதல் கட்டுரை வெளியான நாளிலிருந்தே மேற்கோள்களையும் மதிப்பீட்டுக் கடிதங்களையும் சேர்த்து வையுங்கள். கணவனோ மனைவியோ வேறு நாட்டில் பிறந்தவர் என்றால் அந்த நாட்டின் வரிசையில் சேர்ந்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.